மாட்டுக்கு உள்ள லீவு

மயிலாப்பூரில் சி.ஐ.டி. நைனா சந்தேகப்படாத ஜீவன் கிடையாது. தெப்பக்குளத்து மீன் வாயைத் திறந்து மூடினால்கூட, "எவனைப் பத்தியோ பேசுது" என்பார்.

நானும் அவரும் ஊர்க் குப்பை வண்டி ஓட்டினோம். ஆளுக்கொரு ஒற்றை மாட்டு வண்டி. அவருடைய நிஜப் பேர் ஆஜர் புஸ்தகம் வைத்திருக்கும் கிளார்க்குக்கு மட்டும்தான் தெரியும்.

அவருக்கு ஒரே கவலை. அடுத்த இலாகாக்காரனுக்கு நம்மைவிட லீவு அதிகமோ? தண்ணிக் குழாய் ஆளுக்கு வருஷத்தில் எத்தனை நாள், ஆபீஸ் பியூனுக்கு ஜுரம் வந்தால் சம்பளம் உண்டா, எல்லாம் விசாரிப்பார். பியூனுக்கு உண்டு என்று தெரிந்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பியூன் தும்மினால் நின்று பார்ப்பார்.

"இது சம்பளத் தும்மல்டா" என்பார்.

அப்போது சண்டைக் காலம். குண்டு பயத்தில் தெரு விளக்கையெல்லாம் மூடிவிட்டார்கள். "வெளக்கே எரியல. வெளக்குக்காரன் இன்னா பண்ணிக்கினு கீறான்?" என்று ஒரு வாரம் அந்த ஆள் பின்னாலேயே நடந்தார்.

எங்களுக்கு லீவு கிடையாது. வராத நாளுக்குக் கூலி இல்லை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். அந்த வேலைக்கு டிப்போ வாசலில் பத்து பேர் எப்போதும் நிற்பார்கள்.

மாட்டுக்கு லீவு உண்டு. நொண்டினால் மாட்டு டாக்டர் சீட்டு எழுதுவார். தீனியோடு ஓய்வு. ஓட்டுகிறவன் கொட்டகையில் இருந்து அதைப் பார்த்துக்கொள்ளணும். அவனுக்கும் ஆஜர் போடுவார்கள்.

நைனாவால் இதைத் தாங்க முடியவில்லை. நொண்டுகிற மாட்டுக்கு முன்னால் போய்க் குந்துவார்.

"யாராண்ட நடிக்கிறே? நேத்து நல்லாத்தானே நடந்தே?"

மாடு அசை போடும்.

"பதில் சொல்லுதா பாரு. கள்ளன்."

ஒரு நாள் என் வலது பாதத்தில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. அடையாற்று ஓரத்துக் குடிசையில் படுத்தேன். இரண்டு பிள்ளைகள். பேர் போனால் சோறு போச்சு.

மத்தியானம் நைனா வந்தார். உட்காரவில்லை.

"இன்னாபா, வீங்கிக்கினு கீது. நெஜ வீக்கமா? மஞ்சா பூசி ஏமாத்தறியா?"

"நெஜந்தான் நைனா."

கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கமே ஓடி வந்தது.

"சரி, நெஜந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஆபீசுல மாட்டி வுடத்தான் வந்துட்டுப் போறாரு" என்றாள் என் சம்சாரம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நாலாம் நாள் கழியை ஊன்றிக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். பேர் போயிருக்கும் என்றுதான் போனேன். கிளார்க் என் பேரைக் கூப்பிட்டார். மூன்று நாளும் ஆஜர் போட்டிருந்தது.

மாட்டுக்கு லாடம் அடிக்கிற பாய் என்னைக் கொட்டகைக்கு இழுத்துப் போனார். என் மாட்டுக்கு முன்னங்காலில் பெரிய கட்டு. வலது கால்.

"காலுல ஒண்ணுமே இல்ல தம்பி. நைனாதான் கட்டினாரு. நொண்டுதுன்னு டாக்டராண்ட சத்தியம் பண்ணாரு. அந்தாளு எட்டி நின்னே சீட்டு எழுதிட்டாரு. தெனம் காலையில முன்னாடி நின்னு தன் பேருக்கு ஆஜர் சொல்றாரு. பொறவு கொட்டாயைச் சுத்தி ஓடியாந்து, உள்ளேருந்து கொரலை மாத்தி, உன் பேருக்கு இருமிக்கினே இன்னொரு ஆஜர்."

ஊரில் எவன் பொய் ஆஜர் சொல்கிறான் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்த மனுஷன்.

நைனா தண்ணி வாளியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முறைத்தார்.

"மாட்டுக்கு இன்னா நைனா?" என்றேன்.

"வீக்கம். நீ அந்தக் காலைத் தரையில வை, பாக்கலாம்."

வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஆறிச்சா?"

"ஆறிச்சு நைனா."

"பொய். இந்த மாதிரி மூஞ்சியை நான் எத்தினி பாத்துக்கீறேன்." அவிழ்ந்திருந்த கட்டை மாட்டின் காலில் இறுக்கிக் கட்டினார். "மாடு இன்னும் ரெண்டு நாள் படுத்துக்கட்டும். நீ வூட்டுக்குப் போ."

அதற்கப்புறம் என்னை எத்தனையோ பேர் நம்பியிருக்கிறார்கள். அவர் சந்தேகப்பட்டது மாதிரி யாரும் என்னைப் பார்த்துக்கொண்டதில்லை.