முப்பத்திரண்டு நர்சுகளும் மூன்று அளவுகளும்

அன்பும் மதிப்பும் மிக்க சித்திக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு இரவு வேலைக்குக் கிளம்பும்போது நலமாகத்தான் இருந்தீர்கள். இங்கே அப்பா நலம், அம்மா நலம். என்னைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் ஐந்தரை மணிக்கு வந்து பல் துலக்கப் போவீர்கள். ஆறு மணிக்கு அப்பா கடையில் கத்தரியைக் கையில் எடுப்பார். நடுவில் இருப்பது அரை மணி நேரம். அதில் நான் நேரில் சொல்லத் தொடங்கினால் அழுகைக்கே இருபத்தைந்து நிமிடம் போய்விடும். அதனால்தான் எழுதி, உங்கள் பல் துலக்கும் குவளைக்கு அடியில் வைக்கிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள். நான் போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குப் பாதிக் காரணம் பயம், பாதிக் காரணம் போர்வை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை நர்சுகள் முப்பத்திரண்டு பேருடைய அளவுகளையும் நான் அழித்துவிட்டேன். இது அப்பாவுக்குத் தெரியாது. தெரியாமலேயே காலையில் ஆறு மணிக்கு முப்பத்திரண்டு சீருடைத் துணிகளையும் வெட்டப் போகிறார். துணி மருத்துவமனை கொடுத்தது. தலைமை நர்ஸ் அதை ஒப்படைக்கும்போது என்ன சொன்னார் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். "ஆளுக்கு மூணு மீட்டர், எண்ணிக் குடுத்திருக்கேன். வீணானா மறுபடி ஒரு சாண் கூடக் கிடைக்காது, மாஸ்டர்." அப்பாவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. தலைமை நர்ஸ் போன பிறகு அந்தத் துணிக்கட்டை அப்பா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நேற்றுதான் பிறந்த குழந்தையைத் தொடுவது போல இருந்தது.

இது எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். நல்ல எண்ணத்தில்தான் நடந்தது. தைத்த உடைகளைப் பெயரின் அகர வரிசைப்படி அடுக்கித் தர வேண்டும் என்று தலைமை நர்ஸ் கேட்டிருந்தார். அளவுப் பட்டியலோ, போன வாரம் மருத்துவமனையில் அப்பா டேப்பை வைத்து ஒவ்வொருவராக அளந்து சொல்லச் சொல்ல நான் லேப்டாப்பில் தட்டிய வரிசையில் இருந்தது. யார் முதலில் வந்தாரோ அவர் முதலில். இன்றைக்கு வகுப்பில் கணினி டீச்சர் வரிசைப்படுத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். அடடா, இது நமக்காகவே நடத்திய பாடம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பட்டியலை ஒரே ஒரு பொத்தானை அமுக்கி வரிசைப்படுத்தலாம் என்பது எனக்கும் தெரியும் சித்தி. "அப்புறம் ஏண்டி அதை அமுக்கல?" என்று நீங்கள் கேட்பது இங்கேயே கேட்கிறது. நானே புரோகிராம் எழுதி வரிசைப்படுத்த ஆசைப்பட்டேன். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எல்லாரும் கம்ப்யூட்டர்கிட்ட கத்துக்கறாங்க. எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கே சொல்லிக் குடுக்கறா." சட்டையில் பட்டன் வைக்க வந்தவரிடம் கூடச் சொன்னார். அப்படிப்பட்ட அப்பாவுக்கு முன்னால் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்து போக முடியுமா?

நீங்கள் போன பிறகு கடையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். முதல் தடவை ஓடவே இல்லை, ஒரு அடைப்புக்குறியை மூட மறந்திருக்கிறேன். மூடினேன். இரண்டாம் தடவை ஓடியது, ஆனால் நிற்கவில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று லூப்புக்கு நான் சொல்லவே இல்லை. லேப்டாப்பின் காற்றாடி ஊளையிட்டது. காஜா எடுக்கிற அக்கா ஊசியை நிறுத்திவிட்டு, "என்ன பாப்பா, பெட்டி இப்படி மூச்சு வாங்குது?" என்றார். "ரொம்ப வேலை செய்யுதுக்கா." "எங்கள மாதிரியே போல. அதுக்காச்சும் டீ குடுப்பீங்களா?" அப்பா டீ கொடுக்கவில்லை. ஆனால் தன் பக்கம் இருந்த மேசை விசிறியைத் தூக்கி வந்து அதன் முன்னால் வைத்து, "பாவம், களைச்சுப் போச்சு" என்று திருப்பிவிட்டார். துணி வெட்டும் காகிதமெல்லாம் பறந்தது. காஜா அக்கா அவற்றைப் பிடிக்க ஓடினார். ஓடும்போது பட்டன் டப்பாவை உதைத்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் அரை மணி நேரம் தரையில் தவழ்ந்து பட்டன் பொறுக்கினோம். மேலே லேப்டாப் மட்டும் ஒய்யாரமாகக் காற்று வாங்கியது.

மூன்றாம் தடவை ஓடி, அழகாக நின்றது. பெயர்கள் எல்லாம் அகர வரிசையில் இருந்தன. "அப்பா, வந்து பாருங்க!" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. கத்தி முடித்த பிறகுதான் பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்த அளவுகளைப் பார்த்தேன். முப்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து மூன்றே மூன்று அளவுகள்தான் மிஞ்சியிருந்தன. அதிலும் இருபத்தாறு பேருக்கு இடுப்பு நாற்பத்திரண்டு. கதவு நிலையில் குனிந்து வருகிற நெட்டை நர்சுக்கும், முக்காலியில் ஏற்றி நிறுத்தி அப்பா அளந்தாரே அந்தக் குட்டி நர்சுக்கும் உயரம் ஒன்று.

என்ன ஆயிற்று என்றால், இரண்டு பேரை இடம் மாற்ற நடுவில் ஒரு காலி இடம் வேண்டும். டீச்சர் டம்ளர் வைத்தே காட்டினார். ஒன்றில் பால், ஒன்றில் காபி. இரண்டையும் மாற்றி வைக்க மூன்றாவதாக ஒரு காலி டம்ளர் இருந்தால்தான் நடக்கும். கம்ப்யூட்டரில் அது இல்லாமல் பாலைக் காபி டம்ளரில் ஊற்றினால், சிந்தாது, கலக்காது, சத்தமே இல்லாமல் காபி மறைந்துபோகும். அப்புறம் இரண்டிலும் பால்தான் இருக்கும். பெயர்களை மாற்றும்போது நான் காலி டம்ளர் வைத்தேன். அளவுகளை மாற்றும்போது மறந்துவிட்டேன். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் ஒருவருடைய அளவு மறைந்து, பக்கத்தில் இருப்பவருடைய அளவு இரண்டாகியிருக்கிறது. "கம்ப்யூட்டருக்கு உங்க மேல கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது. சொன்னதைத்தான் செய்யும். சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டுச் செய்யறதுக்கு அது என்ன உங்க அம்மாவா?" என்று டீச்சர் அடிக்கடி சொல்வார். நாங்கள் சிரிப்போம். இனிமேல் சிரிக்க மாட்டேன்.

அப்போதும் நான் பயப்படவில்லை சித்தி, அதை நீங்கள் நம்ப வேண்டும். ஏனென்றால் திரையில் இருப்பது தற்காலிக நினைவகம், கரும்பலகை மாதிரி. உள்ளே ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதுதான் நோட்டுப் புத்தகம். கரும்பலகையில் தப்பாக எழுதினால் அழித்துவிட்டுப் போகலாம், நோட்டுக்கு ஒன்றும் ஆகாது. சேமிக்காமல் மூடிவிட்டால் பழைய பட்டியல் பத்திரம். நான் மூடினேன். "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று அது கேட்டது. 'இல்லை' என்பதை நோக்கி என் விரல் போய்க்கொண்டிருந்தது. நான் கத்தியதைக் கேட்டு அப்பா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விகளில் அவருக்குப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அது. "யோசிக்கவே யோசிக்காதீங்க அத்தான், ஆம்னு அமுக்குங்க" என்று நீங்கள்தானே மூன்று நாள் மந்திரம் மாதிரி சொல்லிக் கொடுத்தீர்கள்? என் கைக்கு மேலே ஒரு கை வந்தது. 'ஆம்' என்று அமுக்கியது. "பாத்தியா, மறந்துட்ட பாரு. சின்னவ சொல்லியிருக்கால்ல?" என்று என் தலையைத் தட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள், நீங்கள் சொல்லிக் கொடுத்த இரண்டாவது மந்திரத்தையும் செய்து முடித்தார். பென் டிரைவைச் செருகி, பழைய நகலின் மேலேயே புதிய நகலை எடுத்தார். இப்போது என் தப்பு இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கிறது.

அளவுகளைக் காகிதத்திலும் எழுதி வைத்திருக்கலாமே என்பீர்கள். "இன்னும் துண்டுத் துணியில எழுதிக்கிட்டு, என்ன அத்தான் இது?" என்று கேட்டது யார் என்று நான் எழுத மாட்டேன்.

வெட்டும்போது அப்பாவே கண்டுபிடித்துவிட மாட்டாரா என்றும் யோசித்தேன். மாட்டார் சித்தி. பேங்க் காவலாளிக்கு பேன்ட் உயரம் நாற்பத்தொன்று என்பதை நான் பதினான்கு என்று தட்டியது நினைவிருக்கிறதா? அப்பா திரையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவரு இப்ப விளையாடப் போறாரோ என்னமோ" என்று அரைக்கால் சட்டையே தைத்துவிட்டார். அது கம்ப்யூட்டர் மேல் வைத்த நம்பிக்கை இல்லை. தட்டியது நான் என்பதால் வைத்த நம்பிக்கை. அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம். அப்பா திட்டுகிறவராக இருந்தால் இந்நேரம் திட்டு வாங்கிவிட்டுத் தூங்கியிருப்பேன். சாப்பிடும்போது மூன்று முறை சொல்லப் பார்த்தேன். "அப்பா…" "சொல்லுடா." "தண்ணி வேணும்." மூன்றாவது சொம்பை அவரே கொண்டுவந்து வைத்துவிட்டு, "வெயில்ல அலையாத" என்றார்.

ஆகையால் சித்தி, நீங்கள் வந்ததும் ஒன்று மட்டும் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டது, அளவெல்லாம் போய்விட்டது, கத்தரியைத் தொடாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார். என் பெயர் வெளியே வர வேண்டாம். இதற்குக் கைம்மாறாக ஒரு மாதம் உங்கள் துணிகளை இஸ்திரி போடுகிறேன்.

உங்களுக்கு நல்ல தூக்கமும், அலுவலகத்தில் பகல் வேலையும், என்னை மன்னிக்கும் மனமும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அக்காவின் ஒரே மகள்,
பாப்பா.

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள். படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடுங்கள். இதைக் குவளைக்கு அடியில் வைக்கக் கீழே இறங்கினேன். அங்கே ஏற்கெனவே ஒரு காகிதம் இருந்தது. துணி வெட்டும் காக்கித் தாள், அப்பாவின் கையெழுத்து. "சின்னவளுக்கு. பெரிய தப்புப் பண்ணிட்டேன். வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கலாம்னு லிஸ்டைத் திறந்தா எல்லாருக்கும் ஒரே இடுப்பு. ராத்திரி நான்தான் 'ஆம்' அமுக்கினேன், பென் டிரைவ்லயும் போட்டேன். எதையோ கெடுத்துட்டேன். பாப்பா பாவம், அவ்வளவு நேரம் உக்காந்து செஞ்சா. அவளுக்குத் தெரியாம சரி பண்ணிக் குடு. முடியாட்டி வைரஸ்னு ஏதாச்சும் சொல்லிடு" என்று இருந்தது.

கீழே கடையில் விளக்கு எரிந்தது. துணிக்கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். "நான்தாம்பா" என்றேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழுகைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகவில்லை, நான்கு நிமிடம்தான். அப்பா பெரிதாக மூச்சு விட்டு, "நீயா? அப்பாடா!" என்றார். "எட்டு மணி நேரம் தைச்சதப் பிரிச்சுத் தைக்கறது எனக்குப் புதுசா? இது அளவுதானே, மறுபடி எடுத்தாப் போச்சு. ஏழு மணிக்கு ராத்திரி நர்சுங்க வெளிய வருவாங்க, பகல் நர்சுங்க உள்ள போவாங்க. வாசல்ல நின்னா முப்பத்திரண்டும் கிடைக்கும். வா."

எனவே வைரஸ் வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். நீங்கள் படுத்துத் தூங்குங்கள். கிளம்பும்போது அப்பா லேப்டாப் பையைக் கையில் எடுத்தவர், தோளில் மாட்டாமல் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, இதை நான் இனிமேயும் தொடலாம்ல? சின்னவ ஒண்ணும் சொல்ல மாட்டாள்ல?" என்று கேட்டார். என்னிடம் அப்பா அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை. உங்களைக் கேட்காமலே, தொடலாம் என்று சொல்லிவிட்டேன்.