பட்டர்ஃப்ரூட் மரமும் என் தனி அறையும்

ரிட்டயர் ஆன மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு அறை கட்டியே தீருவது.

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு ஹால் டிவிக்குச் சொந்தம். படுக்கையறை, இஸ்திரி போடாத துணிகளுக்கு. மீதியெல்லாம் என் மனைவி குளோரியாவுக்கு. எனக்கு இருப்பது ஒரு நாற்காலி. யாராவது வந்தால் அதையும் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். மொட்டை மாடியில், காற்று வரும் கிழக்கு மூலையில், பத்துக்குப் பத்தில் ஒரு அறை. உள்ளே நான், பேப்பர், மதியத் தூக்கம். இவ்வளவுதான் கேட்டேன்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்று. எங்கள் பட்டர்ஃப்ரூட் மரம் சரியாக அந்த மூலையில் கிளையை நீட்டிக்கொண்டு நின்றது.

"மரத்தை வெட்டிடலாம்னு இருக்கேன்" என்றேன், சண்டைக்குத் தயாராக.

"வெட்டுங்க" என்றாள் குளோரியா.

இருபத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் கேட்டு உடனே கிடைத்த முதல் சம்மதம். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"ஆனா ரூல்ஸ்படி வெட்டுங்க. முப்பத்தொரு வருஷம் ஸ்கூல்ல ஹெட் கிளார்க்கா இருந்தவரு, பர்மிஷன் இல்லாம மரத்துல கை வெச்சாருன்னு பக்கத்து வீட்டு கேத்தரின் பேசக் கூடாது."

போன வருஷம், தான் பாடும் சர்ச் காயர் குழு பாடிப் பழக மாடியில் ஓர் அறை கட்டலாமா என்று இவள் கேட்டாள். "மாடியில இடமே இல்ல" என்று ஒரே வரியில் ஃபைலை மூடியவன் நான். அதை இப்போது அவள் சொல்லிக் காட்டவே இல்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுதினேன். கடைசியில், "மரத்தில் பறவைக் கூடு எதுவும் இல்லை" என்று ஒரு வரியும் சேர்த்தேன். கேட்காத கேள்விக்கும் பதில் எழுதுவது ஹெட் கிளார்க் புத்தி. குளோரியா டைப் செய்து காபியோடு நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். ஸ்கூலில் ஒரு லீவ் லெட்டரைக்கூட மூன்று தடவை படிக்காமல் மேலே அனுப்பியதில்லை. வீட்டில் குளோரியா நீட்டும் தாளை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. காபி ஆறிவிடும்.

மர அதிகாரி சுப்ரியா மேடம் ஒரு காலையில் வந்தார்.

"ஏனு சார், கூடு இல்லைன்னு எழுதியிருக்கீங்க?" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

"நல்லாப் பாத்தேன் மேடம். ஒரு குச்சி கிடையாது, ஒரு நார் கிடையாது."

"மேடம்" என்றாள் குளோரியா பணிவாக, "அந்தக் காய்ஞ்ச கிளையில ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. ஒரு பச்சைப் பறவை பழத்தைக் கவ்விட்டுப் போகுது, வருது."

"சார் இதைப் பாக்கலையா?"

"ஃபேன் நின்னாதான் மேடம் இவரு மேலே பாப்பாரு."

மேடம் பைனாகுலரில் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "குக்குறுவான் சார்! இது குச்சி வெச்சுக் கட்டாது. மரத்தைக் கொத்திப் பொந்து பண்ணும். உள்ளே குஞ்சு இருக்கு. அது பறக்கிறவரைக்கும் ரம்பம், கோடாலி எதுவும் கிட்டே வரக் கூடாது. அப்புறம் வந்து முடிவு பண்றேன். தினம் யாராவது பாத்து எழுதி வெச்சா எனக்கு உதவியா இருக்கும்."

"இவரே எழுதுவாரு மேடம். ரொம்ப ஒழுங்கான ஆளு."

அன்று சாயங்காலமே கிழக்கு மூலையில் என் நாற்காலி, ஒரு நோட்டு, ஃபிளாஸ்கில் காபி எல்லாம் வந்துவிட்டன.

முதல் நாள் கடுப்போடு எழுதினேன்: "6.10, பழம். 6.25, பழம். 6.31, பூச்சி." நாலாவது நாள் அலாரம் இல்லாமலே எழுந்தேன். என்ன உழைப்பு ஐயா அது! வெயில், தூறல், எதிர் வீட்டுப் பூனை, எதற்கும் அசரவில்லை. வாயில் பழத்தோடு வரும், கொடுக்கும், பொந்தைச் சுத்தம் செய்துவிட்டுப் பறக்கும். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு ஊழியரை நான் பார்த்ததில்லை.

"அப்பான்னா இப்படி இருக்கணும்!" என்று நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னேன்.

"ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதானே இருக்கு. அது அம்மாவா ஏன் இருக்கக் கூடாது?" என்றாள் குளோரியா.

அந்த வரியை நோட்டில் அடித்துவிட்டேன்.

மூன்று வாரம் போனது. பெரிய வியாழனுக்கு முந்தின நாள் ஒரு குஞ்சு பொந்தின் வாயில் வந்து உட்கார்ந்தது. தாயோ தகப்பனோ, எதிர் கம்பியில் பழத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டது. குஞ்சு தயங்கியது. பிறகு ஒரே தாவு! கம்பியைப் பிடித்துவிட்டது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை.

சாயங்காலத்துக்குள் மற்ற இரண்டு குஞ்சுகளும் பறந்துவிட்டன. மறுநாள் மேடம் போன் செய்தார். "ஈஸ்டர் முடிஞ்சதும் வந்து மரத்தை முடிவு பண்ணிடலாமா சார்?" போனை வைத்துவிட்டு மரத்தைப் பார்த்தேன்.

"குளோரியா" என்றேன் மெல்ல, "மரம் இருக்கட்டும்."

"அய்யோ, உங்க ரூம்?"

"ரூம் என்ன பெரிய ரூம். எனக்கு இந்த நாற்காலி போதும்."

"உங்க மனசு யாருக்குங்க வரும்!" என்று உள்ளே போனவள், காபியோடு இரண்டு தாளைக் கொண்டுவந்தாள். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கும் கடிதம், டைப் செய்து தயாராக இருந்தது. என்ன வேகம், என்ன புரிதல்! நெகிழ்ந்துபோய் இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

ஈஸ்டர் முடிந்த மறுவாரம் மாடியில் சத்தம் கேட்டது. ஓடினேன். மரமே இல்லாத மேற்கு மூலையில் மேஸ்திரி செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"காயர் ரூம் சார். நீங்கதானே சைன் போட்டுக் குடுத்தீங்க!"

தாளை வாங்கி, குளோரியா டைப் செய்ததை வாழ்க்கையில் முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். இரண்டாவது தாள். என் கையெழுத்துத்தான். மேலே டைப் ஆகியிருந்த தேதி, சுப்ரியா மேடம் முதன்முதலில் வந்த நாள். பறவை, அதிகாரி, நான் என்று மூன்று பேரையும் ஒரே காலையில் கணக்குப் போட்டிருக்கிறாள். கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது மரியாதை.

இப்போது என் மதியத் தூக்கத்துக்குப் பக்கத்தில், வாரத்துக்கு மூன்று நாள், பதினோரு பெண்கள் பாடுகிறார்கள். போன சனிக்கிழமை குளோரியா ஒரு புது நோட்டை என் மடியில் வைத்தாள். காயருக்கு அட்டெண்டன்ஸ் எழுத ஒரு ஒழுங்கான ஆள் வேண்டுமாம்.