வரிக்கத்தரி கடைசி இடத்துக்குப் போன கதை

அன்று நடந்ததை வரிசைப்படுத்திவிடுகிறேன். (வரிசைப்படுத்துவதுதான் என் வேலை. வினையும் அதிலிருந்துதான் வந்தது.)

1. பயிர் ரகங்களுக்காக நான் உருவாக்கிய இணையதளத்தை விவசாயிகள், ஆராய்ச்சியாளர்கள் முன்னிலையில் பெருமையோடு திறந்து காட்டினேன்.
2. கத்தரி ரகங்களை விளைச்சல்படி வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன்.
3. எங்கள் பக்கம் எல்லோரும் ஆசையாகப் பயிரிடும் வரிக்கத்தரி கடைசியில் போய் உட்கார்ந்தது.
4. ஆராய்ச்சி அதிகாரி, "அப்படின்னா இந்த ரகத்தை விட்டுடலாம்" என்றார்.
5. அதைப் பயிரிடும் விவசாயிகள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

இது 2006இல். கணினிப் படிப்பை முடித்த கையோடு கிடைத்த ஒப்பந்த வேலை. கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ரகம் எங்கே விளைகிறது, என்ன நோய் தாக்கும், விதை எங்கே கிடைக்கும் என்று தொகுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும் என்று நம்பினேன். (அந்த வயதில் எதையும் நம்பலாம்.)

தேவாரத்திலிருந்து வீரபாண்டி வரை தோட்டம் தோட்டமாகப் போனேன். "போன வெள்ளாமை எப்படிங்கய்யா?" என்று கேட்டால், எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"என்னத்தச் சொல்ல ஆத்தா, ஏதோ சுமாரா இருந்துச்சு."

சொல்பவருக்குப் பின்னால் கத்தரிக்காய்ச் சாக்குகள் வண்டி கொள்ளாமல் ஏறிக்கொண்டிருக்கும். நான் சாக்கைப் பார்க்காமல் "சுமார்" என்று குறித்துக்கொள்வேன். சாக்கைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லையே! புதிய ரக நாற்று விற்கும் ஒரு பண்ணைக்காரர் மட்டும் அமோக விளைச்சல் என்றார். அவருடைய ரகம் முதலிடம் பிடித்தது.

நானும் விவசாயி வீட்டுப் பெண்தான். விளைச்சலை வெளியில் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயப்படும் ஊரில்தான் வளர்ந்தேன். தோட்டத்துத் திருஷ்டி பொம்மையைப் படம் பிடித்துத் தளத்தின் முகப்பிலேயே போட்டிருந்தேன். அழகாக இருந்தது. அது எதற்காக அங்கே நிற்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

உத்தமபாளையத்தில் அந்தக் கூட்டம். அரசு பரிந்துரைக்கும் ரகங்களின் பட்டியலிலிருந்து ஒரு ரகம் போனால் அரசு விதைப் பண்ணையில் அதன் விதையைப் பெருக்க மாட்டார்கள். கலப்பில்லாத நல்ல விதை பிறகு கிடைக்காது.

"சார், வரிக்கத்தரி நல்லா காய்க்கிற ரகம்தான்" என்றேன்.

"உங்க கணக்கே வேற சொல்லுதேம்மா!"

அப்பாவைப் பார்த்தேன். "நீங்களாவது சொல்லுங்கப்பா."

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "என்னத்தச் சொல்ல? சுமார்தேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பாண்டி மாமா.

"ஏன் மாமா சிரிக்கிறீங்க?" எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"மச்சானுக்கா சுமாரு? வண்டி பத்தாம ரெண்டாம் நடை அடிச்சாகளே, அதுல என்ன காத்தையா ஏத்துனாக?"

அப்பா எழுந்துவிட்டார். "ஏய் மாப்ள! ஒன் தோட்டத்துல காய் பறிக்க ஆளு பத்தாம தேவாரத்துக்கு ஆள் விட்டியே, அதச் சொல்லவா?"

நடுவரிசையிலிருந்து இன்னொரு விவசாயி எழுந்தார். "இவுகள விடுங்க. சாக்கு பத்தலன்னு எங்கிட்ட வாங்கிட்டுப் போன ஆளு அந்தா, தூணுக்குப் பின்னால ஒளியிறாரு பாருங்க!"

மண்டபமே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தது. தன் விளைச்சலைச் சொல்லத்தான் வாய் வராது. அடுத்தவர் விளைச்சல் நடைக்கணக்கோடு தெரியும். நான் அங்கேயே தட்டச்சு செய்யச் செய்ய, வரிக்கத்தரி மேலே ஏறியது. பக்கத்துத் தோட்டம் எப்போதும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் அல்லவா? உலகத்துக்கே சாம்பார் வைக்கலாம் என்ற அளவுக்கு அது போனபோது அதிகாரி கையை உயர்த்தினார்.

"அதையும் நம்ப முடியலை, இதையும் நம்ப முடியலை. ரகம் பட்டியல்ல இருக்கட்டும். பண்ணையில நட்டு, தராசுல நிறுத்துப் பார்ப்போம்."

ஒரே பேருந்தில் ஊர் திரும்பினோம். அப்பா முன் இருக்கையில், மாமா கடைசி இருக்கையில். வீட்டில் அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். முதலில் தோட்டத்துக்கு, அப்புறம்தான் எனக்கு.

அதன்பிறகு தம்பியிடம் தேர்வு முடிவு என்ன ஆயிற்று என்று யார் கேட்டாலும், "சுமார்தேன். சரியா வேணும்னா எதிர் வீட்டுல கேளுங்க" என்பான். இன்றுவரை எங்கள் வீட்டில் எந்த நல்ல செய்திக்கும் இதுதான் பதில்.

தராசு வரிக்கத்தரிக்குச் சாதகமாகவே சொன்னது. அதன் விதை இப்போதும் பண்ணையில் கிடைக்கிறது. என் படிவத்தில் "பக்கத்துத் தோட்டத்தில் எப்படி?" என்றொரு கேள்வி சேர்ந்திருக்கிறது. இந்தப் போகம் அப்பாவுக்கு நல்ல விளைச்சல். பாண்டி மாமா சொன்னார்.