மூடாத மூடி

திறக்கும்போது வெண்ணெயாய்க் கழன்று வந்த மூடி, மூடும்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

செங்குட்டுவன் இடது ஓரத்தை அழுத்தினான். வலது ஓரம் எழுந்தது. வலதை அழுத்தினான். இடது எழுந்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தியபோது நடு முதுகு புடைத்தது.

"இன்னா தம்பி, மூட மாட்டேங்குதா?" என்றார் பீம்ராவ், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.

"மூடிடும் சார். உள்ள ஒரு ஒயரு மடங்கி நிக்குது."

செங்குட்டுவன் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக, தண்டையார்பேட்டைத் துறைமுகக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கக் காரணம் அவன் அம்மா சொக்கம்மாள். அவளுக்குத் தெரிந்த பீம்ராவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அவருடைய தோஸ்து ரஹீம் கப்பலில் வேலை செய்பவர். சிங்கப்பூரிலிருந்து ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம் என்று பேச்சு.

"அது தேறுமான்னு பாத்து சொல்லிட்டு வா நைனா" என்று அம்மா இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை அவன் கையில் திணித்தாள்.

"கம்ப்யூட்டர் பிரிக்கிறதுக்கு எதுக்கும்மா புதுச் சட்ட?"

"கலீஜா போய் நின்னா என் மானம் போவும். போட்டுக்கினு கெளம்பு."

பெட்டி என்னவோ அழகுதான். சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. வெள்ளி நிற அலுமினிய உடம்பு, முகப்பில் பளபளவென்று ஒரு கறுப்புப் பட்டை. தொழிற்சாலையில் மேசைக்கடியில் தூசி தின்று கிடக்கும் தகரப் பெட்டிகளையே பார்த்துப் பழகியவனுக்கு, இதைத் தொடவே கை கூசியது.

"உள்ள இன்னா இன்னா கீது, சொல்லுங்க" என்றாள் எதிரில் டார்ச் லைட் பிடித்துக்கொண்டிருந்த சங்கமித்ரா. பீம்ராவின் மகள். ராயபுரத்தில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுபவள். வீட்டிலும் வரைய வேண்டியிருந்தது; பெரிய பெட்டி வைக்கத்தான் இடமில்லை.

"பிராசஸர் லேப்டாப்புல போடற ரகம். கரென்ட்டு கம்மியாத் தின்னும், ஆனா வேகம் கொறையாது. மெமரி ஒரு ஜிபி கீது. ஹார்டு டிஸ்க்கும் லேப்டாப்பு சைஸுதான். பவர் சப்ளைய வெளிய வெச்சிட்டதால உள்ள எடம் மிச்சம். உங்க டிராயிங்கு நல்லாவே ஓடும்."

"அப்ப கொறையே இல்லியா?"

"உள்ள இல்ல. கொற பொட்டிலதான். காத்து போற ஓட்டைய அடியில வெச்சிருக்கான். ரப்பர் காலு பாருங்க, கடுகு சைஸு. மேசைல வெச்சா ஓட்ட அடச்சிக்கும். அழகா செஞ்சவன் மூச்சு வுட எடம் வெக்கல."

பீம்ராவ் மனைவியைப் பார்த்தார். ரமாபாய் மசால் வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சூடாச்சின்னா இன்னா பண்ணும் நைனா? கத்துமா?" என்றாள்.

"கத்தாதும்மா. கம்முனு அணஞ்சிடும்."

அவன் அந்த ஒயரை விரலால் நீவி, மடித்து, ஓரமாக ஒதுக்கினான். மூடி 'டப்' என்று உட்கார்ந்தது. புத்தர் படத்துக்குக் கீழே இருந்த ப்ளக்கில் செருகி, சுவிட்சைப் போட்டான். பக்கத்திலிருந்த மானிட்டரில் வெளிச்சம் வந்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மூடியில் கை வைக்க முடியவில்லை. தோசைக்கல் மாதிரி கொதித்தது. சொன்ன சொல் தவறாமல் கம்மென்று அணைந்தது.

"பேஜாரு புடிச்ச பொட்டி" என்றார் பீம்ராவ். சொல்லிவிட்டுச் செங்குட்டுவன் முகத்தையே பார்த்தார். "கோவம் வருதா தம்பி?"

"அது இன்னா சார் பண்ணும்?" என்று அவன் மறுபடி மூடியைக் கழற்றினான். உள்ளுக்குள் அவனுக்கு வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்தவர் பொருள். கெட்டுப்போனால் ரஹீம் திருப்பி வாங்கமாட்டார். ஆனால் கோபம் வந்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் ஸ்க்ரூ நழுவும். அது தொழிலில் அவன் பட்டுக் கற்றது.

பெட்டிக்குள்ளிருந்த சின்ன விசிறிக்குப் போகும் ஒயர் கழன்று கிடந்தது. புதுப் பெட்டியில் அது எப்படிக் கழன்றது என்று யோசித்தபடியே செருகி, சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. இருந்தாலும் இந்த ஓட்டைக்கு அந்தக் காற்று போதாது.

"மூடிய தொறந்தே வெச்சி, வெளிலேந்து காத்து குடுத்துப் பாப்போம். டேபிள் ஃபேன் கீதா?"

டேபிள் ஃபேன் வந்தது. அதன் ப்ளக்கில் ஒரு கால் ஆடியது. செருகியதும் நீலமாக ஒரு பொறி. மாடி முழுக்கக் கரென்ட் போனது.

எதிர்வீட்டுச் சிலுவையம்மாள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "யாரு வூட்டுல பட்டாசு வுட்டது? நல்ல படம் ஓடிக்கினு இருந்திச்சி."

"எங்க வூட்டுலதான்கா" என்றாள் சங்கமித்ரா அலட்டிக்கொள்ளாமல். "ஃப்யூஸ் பூடிச்சி."

"நான் போட்டுத் தரேம்மா. மன்னிச்சிக்குங்க" என்று செங்குட்டுவன் எழுந்து மாடிப்படித் திருப்பத்துக்குப் போனான். ஒட்டடை மண்டிய போர்டில் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி, புதுக் கம்பி சுற்றி, செருகினான். கரென்ட் வந்தது. புதுச் சட்டையின் தோளில் ஒட்டடை ஒரு பூணூல் மாதிரி குறுக்காகத் தொங்கியது.

திரும்பி வந்தபோது எல்லோரும் போட்டது போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். சிலுவையம்மாள் மட்டும் படம் பார்க்கப் போகாமல், நிலைப்படியில் சாய்ந்து ஒரு வடையை மென்றுகொண்டிருந்தாள்.

சுவிட்சைப் போட்டான். பெட்டி, "பீப், பீப்" என்று விடாமல் கூவியது.

"கத்தாதுன்னு சொன்னியே நைனா" என்றாள் ரமாபாய்.

"இது வேற கத்தலும்மா. மெமரி சரியா ஒக்காரலன்னு சொல்லுது." குனிந்து பார்த்தான். மெமரி அட்டை ஒரு முனையில் தூக்கிக்கொண்டிருந்தது. "இப்பதான நல்லா இருந்திச்சி?"

"சூட்டுல தூக்கியிருக்குமோ?" என்றாள் சங்கமித்ரா, டார்ச்சை நேராகப் பிடித்தபடி.

"இருக்கும்" என்றான். அப்படியெல்லாம் தூக்காது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வெளிச்சத்தை இம்மி ஆடாமல் பிடித்திருக்கும் ஒருத்தியிடம் மறுத்துப் பேச மனம் வரவில்லை.

அட்டையை அழுத்தி உட்காரவைத்து, டேபிள் ஃபேனை வேறு ப்ளக்கில் போட்டான். ஃபேன் உற்சாகமாகச் சுற்றியது. முதல் வீச்சிலேயே, ஸ்க்ரூக்களைப் போட்டு வைத்திருந்த காகிதத் தட்டு பறந்தது. ஸ்க்ரூக்கள் 'கிணிங் கிணிங்' என்று உருண்டு, பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

"பீரோவ நகத்திடலாம். நீ அந்தாண்ட புடி தம்பி" என்று எழுந்தார் பீம்ராவ்.

நகர்த்தினார்கள். பாத்திரங்கள் நிறைந்த பழைய இரும்பு பீரோ, எடுத்த எடுப்பில் நகர மறுத்து, பிறகு திடீரென்று நகர்ந்து, பீம்ராவின் கால் கட்டைவிரல்மேல் ஏறி நின்றது.

"ஐயோ!"

செங்குட்டுவன் ஒற்றைத் தோளால் பீரோவை நிமிர்த்தி, அவரைத் தாங்கி உட்காரவைத்து, ஈரத்துணி வாங்கிக் கட்டைவிரலில் சுற்றினான். பிறகு தரையோடு தரையாகப் படுத்து, பீரோவுக்கு அடியில் கைவிட்டு, ஸ்க்ரூக்களோடு இரண்டு ஹேர்பின்னையும் ஒரு காய்ந்த எலுமிச்சம்பழத்தையும் எடுத்து வெளியே வைத்தான். அந்தச் சட்டையை இனி அம்மா பார்த்தால் அவளுக்கே அடையாளம் தெரியாது.

"ரொம்ப பேஜாரு பண்ட்டோமா?" என்றார் பீம்ராவ் விரலைப் பிடித்துக்கொண்டு.

"நாந்தான் சார் உங்க கால ஒடச்சிட்டேன். நீங்க என்னப் போயி கேக்கறீங்க" என்று சிரித்துவிட்டான் அவன்.

மூடியை வைத்தான். பெட்டி நாலு பக்கமும் காற்று வாங்கும்படி, காலுக்கு ஒன்றாக நான்கு பாட்டில் மூடிகளை அடியில் கொடுத்தான். பார்க்க, வெள்ளி ராஜா மணையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. பீப் இல்லை. சூடும் இல்லை. மானிட்டரில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன: ஹார்டு டிஸ்க்கே காணோம் என்று.

செங்குட்டுவன் முதல்முறையாக ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

பீம்ராவ் ஈரத்துணியை மறந்து அவனையே பார்த்தார். ரமாபாய் தட்டோடு அப்படியே நின்றாள். சங்கமித்ராவின் கையில் முதல்முறையாக டார்ச் வெளிச்சம் லேசாக ஆடியது.

அவன் திரையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டான்.

"பரவால்ல. பொட்டி நல்ல பொட்டிதான், அத வுட்றக்கூடாது. மொதல்லேந்து பிரிச்சிப் பாத்துடலாம். நீங்க லைட்ட புடிங்க" என்றான் சங்கமித்ராவிடம்.

நிலைப்படியில் நின்ற சிலுவையம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி சங்கமித்ரா, இதுக்கு முன்ன உன்னப் பாக்க வந்த ரெண்டு மாப்ளையும் மொத ஒயருக்கே கத்திட்டு எறங்கிப் பூட்டானுங்க, இவரு இம்மாம் நேரமா சிரிச்சிக்கினு குந்திக்கினு கீறாரு, இன்னும் எத்தினி ஒயருடி புடுங்கப் போற?"