மடையில் உட்கார்ந்த கணக்கு டீச்சர்

பேய், பாம்பு, பள்ளி ஆய்வாளர் ஆகிய மூன்றுக்கும் நான் பயந்ததில்லை. ஆனால் தோளில் மண்வெட்டியோடு ஒரு பெண்மணி வரப்பில் நடந்து வந்தால், இந்த ஐம்பத்திரண்டு வயதிலும் வந்த வழியே திரும்பி நடப்பேன். இதற்குக் காரணம் கிளாரா என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் காரணம் என் வாய்தான்.

கிளாரா ஆஸ்திரியாக்காரி. சென்னையில் நான் கணக்கு நடத்திய பள்ளிக்கு ஜெர்மன் மொழி சொல்லித்தர வந்தவள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒழுங்காக இருப்பாள். சனிக்கிழமை விடிந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. ஒரு வாரம் மீன் ஏலம் பார்க்கக் காசிமேடு போனாள். ஒரு வாரம் புறநகர் ரயிலில் ஏறி, அது நிற்கும் கடைசி ஊர் வரை போய், அங்கே யாரோ வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு திரும்பினாள். (மாப்பிள்ளை பெயர் தெரியாது. பாயசம் மட்டும் இரண்டு தடவை வாங்கினாளாம்.) திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அவளைச் சுற்றிக் கூட்டம் கூடும். எனக்கோ வார இறுதிச் சாகசம் என்பது ரேஷன் கடைக்குப் போய், விரல் ரேகை பதியாமல் வீடு திரும்புவது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். விவசாயக் குடும்பம். நான் வரப்பிலேயே வளர்ந்தவள்."

வரப்பு என்பது, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பேருந்துக்கு ஓடிய குறுக்குவழி. மண்வெட்டியை நான் தொட்டது ஆயுதபூஜைக்குப் பொட்டு வைப்பதற்கு மட்டும். ஆனால் கிளாரா அடுத்த சனிக்கிழமைக்கே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது. ஆற்றில் வந்த கொஞ்சம் தண்ணீரை வாய்க்காலில் முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். யார் முறையோ அவர் வயலுக்கு மட்டும்தான் தண்ணீர். மற்றவர்கள் தங்கள் வயலுக்குத் தண்ணீர் நுழையும் வழியான மடையைச் சேறு வைத்து அடைத்துவிட வேண்டும். முறையில்லாமல் மடையைத் திறந்தால் அந்த வயலுக்கு அடுத்த முறை கிடையாது. என் அண்ணனின் முறை, நாங்கள் போய்ச் சேர்ந்ததற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நெற்கதிர் வெளியே வரத் தயாராகப் பயிரின் தொண்டையில் நின்றது. அந்தத் தண்ணீர் தவறினால் பாதிக்குப் பாதி பதர்தான்.

மன்னார்குடிக்கு உரம் வாங்கக் கிளம்பும்போதே அண்ணன் சொன்னார். "வசந்தா, இன்னிக்கு ராஜாத்தியக்கா முறை. வயலச் சுத்திக் காட்டு. எதையும் தொட்டுடாத."

பாடம் புரிந்துவிட்டதா என்று கேட்டால் என் மாணவர்கள் தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினேன்.

ராஜாத்தியக்கா வாய்க்காலின் கடைக்கோடியில் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தவர். தண்ணீர்த் தகராறில் மாமியாரையே வாய்க்காலில் தள்ளியவர் என்று ஊரில் பேச்சு. (மாமியார் தானாகத்தான் விழுந்தார் என்பது அக்காவின் தரப்பு.)

வயலில் கிளாரா கைப்பேசியில் படம் பிடித்தபடி கேட்டாள். "தண்ணீர் பக்கத்திலேயே ஓடுகிறது, உங்கள் வயல் காய்ந்திருக்கிறது. எப்படி உள்ளே விடுவீர்கள்?"

அண்ணனின் மண்வெட்டி வரப்பில் கிடந்தது. இரண்டு குழாய்கள் தொட்டியை நிரப்பும் கணக்கை இருபது வருடம் நடத்தியவள் நான். ஒரு நிமிடம் திறந்து காட்டிவிட்டு அடைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"ஒரே நிமிஷம், பாருங்கள்" என்று மடையை வெட்டினேன்.

பாடப்புத்தகக் குழாயை மூடச் சொன்னால் மூடிக்கொள்ளும். மடை மூடிக்கொள்ளவில்லை. நான் போட்ட சேற்றைத் தண்ணீர் கரைத்து உள்ளே கொண்டுபோனது. இன்னும் போட்டேன். பக்கத்துக் கரையும் சரிந்து, ஒரு முழம் இருந்த வாய் இரண்டு முழமானது. செருப்பை வைத்தேன், அது வயலுக்குள் நீந்திப் போனது. அப்போதுதான் தூரத்தில், வாய்க்கால் கரையில், தண்ணீரைக் குனிந்து பார்த்தபடி ஓர் உருவம் வருவது தெரிந்தது. தோளில் மண்வெட்டி.

என் மூளை அந்த நேரத்தில் தந்த ஒரே யோசனையின்படி, சேலையோடு மடையில் உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் கொஞ்சம் நின்றது. (எனக்கு அளவான உடம்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்று அது உதவியது.) கிளாரா இதுவும் பாசன முறைகளில் ஒன்று என நினைத்து, பக்கத்தில் வந்து படம் எடுத்தாள்.

ராஜாத்தியக்கா என் முன்னால் வந்து நின்றார். மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"ஏம்மா டீச்சரு, மடையில என்ன பண்றே?"

"சும்மாக்கா. உக்காந்திருக்கேன்."

"ஒங்க வூட்ல நாற்காலி இல்லியா?"

பயம் மனிதரை எந்த அளவுக்குக் கீழிறக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். கிளாராவைக் கை காட்டினேன். "அவங்க வெளிநாடுக்கா. தெரியாம தொறந்துட்டாங்க. நான்தான் அடைக்கப் பாக்குறேன்."

அக்கா கிளாராவை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளக்காரம்மா கையில ஒரு பொட்டு சேத்தக் காணும். ஒனக்கு முழங்கை வரைக்கும் அப்பியிருக்கு."

தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரிந்த கிளாரா, சிரித்தபடி கைப்பேசியை அக்காவிடம் நீட்டினாள். அதில் எல்லாம் இருந்தது. மண்வெட்டியை நான் சுழற்றிய அழகு, செருப்பு, அதற்குப் பிறகு "ஐயோ, ராஜாத்தியக்கா வருதே, வெட்டிப்புடுமே" என்கிற என் குரல். அக்கா முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார்.

"ஒங்கண்ணனுக்கு நாளைக்குத் தண்ணி கெடையாது. ஊர்க் கட்டுப்பாடு அது."

"அக்கா, தப்பு என்னுது. அண்ணனுக்குத் தெரியவே தெரியாது. கதிர் தொண்டையில நிக்குதுக்கா." எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து நின்று அழவும் வழியில்லை, எழுந்தால் தண்ணீர் போய்விடும்.

"என் கதிரு மட்டும் எங்க நிக்குது? எவ்ளோ நேரமா ஓடுது இது? காலையிலேருந்தா?"

நான் பதில் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். கைப்பேசித் திரையின் கீழே தெரிந்த எண்ணைக் காட்டினேன். பதினோரு நிமிடம். மடையை வெட்டியதிலிருந்து கிளாரா நிறுத்தாமல் எடுத்திருந்தாள்.

அக்கா எண்ணைப் படித்துக்கொண்டார். "சரி. நாளைக்கு ஒங்கண்ணன் முறையில பதினோரு நிமிசம் எனக்கு. அதோட, இன்னிக்கு என் முறை முடியறவரைக்கும் நீ இங்கேயே காவலு. ஒரு சொட்டுக் கசிஞ்சாலும் ஊரக் கூட்டுவேன். எந்திரி."

நான்கே வெட்டில் மடையை அடைத்தார். பிறகு கிளாராவைத் தன் வயல் காட்ட அழைத்துப் போய்விட்டார். நான் மூன்று மணி வரை வெயிலில் சேற்றையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு நண்டு வளை தோண்ட வந்தது. அதனிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

அண்ணன் வந்து விஷயத்தைக் கேட்டார். திட்டவில்லை. மடையை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அக்கா மனசு மாறிவிட்டால்?

அண்ணனின் முறை தொடங்கும் நேரமான ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாய்க்கால் கரையில் நின்றோம். ஆறு மணிக்குத் தண்ணீர் வரவில்லை. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஐந்து. ஆறு பத்து. ஆறு பதினொன்றுக்கு, கடைக்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரைத் தன் கையாலேயே தடுத்து, எங்கள் பக்கம் திருப்பிவிட்டார் ராஜாத்தியக்கா.

ரயிலில் கிளாராவிடம், பழியை உன்மேல் போட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும்" என்றாள். "என்னைச் சுட்டும் உங்கள் விரலும் வீடியோவில் இருக்கிறது."

அந்த வீடியோ குடும்பக் குழுவுக்கு எப்படியோ வந்துவிட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டில் நிமிடம் இரண்டு வகை. போன வருடம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "ஒரு நிமிஷம், காபி கொண்டுவரேன்" என்று எழுந்தேன்.

"சாதா நிமிசமா, அம்மா நிமிசமா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மகள்.

மாப்பிள்ளையின் அம்மா அர்த்தம் கேட்டார். அண்ணன் சொன்னார், விடாமல், செருப்பு நீந்தியது வரை. சம்பந்தம் அன்றே நிச்சயமானது. இப்போது என்னைப் பார்க்கக் கிளம்பும்போது சம்பந்தியம்மா போன் செய்கிறார். "பஸ் ஸ்டாண்டு வந்துட்டோம் சம்பந்தி. இன்னும் ரெண்டு நிமிசம், ஒங்க கணக்குல."