ஒரு கைப்பிடி புதினா உப்பு

ஒரே மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரையே குணப்படுத்தக் கிளம்பும் இனம் ஒன்று உண்டு. உங்களுக்கு நோய் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அவர்கள் கண்ணில் பட்டால் போதும். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீரபாகு இந்த இனத்தில் நல்ல வளர்ச்சி கண்டவர். நிலத்தைத் துளைத்துப் போர் போடும் ரிக் வண்டித் தொழிலை விட்டு ஓய்ந்திருந்த நாளில், தைலத்துக்கு அந்தக் குளிர்ச்சியைக் கொடுக்கிற மெந்தாலை, நம் நாட்டு மருந்துக் கடைக்காரர் புதினா உப்பு என்று பொட்டலம் கட்டித் தருவதை, ஒரு முறை முகர்ந்து பார்த்தார். தலைவலி போய்விட்டது. அன்றோடு விட்டிருக்கலாம். விட்டாரா?

சட்டைப் பையில் டப்பியோடு திரிந்தார். மூட்டு வலிக்குத் தேங்காயெண்ணெயில் கரைத்துத் தேய்க்கச் சொன்னார், ஷூ நாற்றத்துக்கு உள்ளே தூவச் சொன்னார், கார் ஏசி, தலையணை உறை, பக்கத்து வீட்டு நாய்க்கூண்டு என்று எதையும் விட்டுவைக்கவில்லை, துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் "சித்த மோந்து பாருங்க, நெஞ்சடைப்பு எறங்கும்" என்று டப்பியைத் திறந்தார். யாரும் கேட்கவில்லை. அதனாலென்ன?

கடைசியில் கார் ஷெட்டைத் தடுத்து, பலகை அடித்து, சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி வியர்க்க உட்காரும் சவுனா அறை ஒன்றைக் கட்டினார். சேலத்து வெயிலில் வியர்ப்பதற்குத் தனி அறை எதற்கு என்று மனைவி ஸ்ரீதேவி கேட்டாள்.

"இது புதினா வேர்வை. வேற ரகம்."

ஒரு வாளித் தண்ணீருக்குக் கடுகளவு போதும் என்று மருந்துக் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ரிக் ஓட்டியவர் கேட்பாரா? பாறை கெட்டி என்றால் கம்ப்ரசரில் காற்றைக் கூட்ட வேண்டும். அவர் அறிந்த ஒரே அளவு அதுதான்.

மகள் அகல்யாவுக்குப் பூ வைக்க மல்லசமுத்திரத்திலிருந்து கந்தவேல் குடும்பம் வந்தது. மாப்பிள்ளை ஆனந்தகுமாரை அகல்யாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பூ வைத்துவிட்டால் கல்யாணம் உறுதி. காப்பி குடிக்கையில் கந்தவேல் ஒரே ஒரு தும்மல் போட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, சளிங்களா?"

"இல்லீங்க, ரோட்டுத் தூசிங்க."

"தூசிதானுங்க உள்ள போயிச் சளியாவுது. எந்திரிங்க. மாப்பிள்ளையும் வாங்க."

ஸ்ரீதேவி கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதல் நாளே மறுத்துப் பேசக் கூடாதென்று அப்பனும் மகனும் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கெட்டிச் சளி என்று முடிவு கட்டிய வீரபாகு, தானும் ஒரு துண்டோடு பின்னாலேயே நுழைந்து, ஒரு கைப்பிடி அள்ளிச் சுடுகல்லில் போட்டுத் தண்ணீரை ஊற்றினார்.

பூத்தட்டோடு பெண்கள் காத்திருந்த கூடத்துக்குள், கண்ணைத் திறக்க முடியாமல், ஒரு கை சுவரைத் தடவ மறு கை இடுப்புத் துண்டைப் பிடிக்க, மூன்று ஆண்கள் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.

"பயப்படாதீங்க, கெட்ட நீர் வெளிய போவுது" என்றார் வீரபாகு, தாரை தாரையாகக் கண்ணீர் விட்டபடி.

கந்தவேல் முகம் கழுவினார். சட்டையை மாட்டினார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "பொண்ணு தங்கமுங்க. ஆனா நாளைக்கு எம் பையன் ஒரு தும்மல் போட்டா, இந்த ஊட்டுல உசுரோட விடுவீங்களான்னு தெரியலீங்க. நாங்க போயிட்டு வாரமுங்க."

பூத்தட்டு வந்த காரிலேயே திரும்பிப் போனது.

அகல்யா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேம்பினாள். பெற்ற மனம் பொறுக்குமா? வீரபாகு கதவைத் தட்டினார்.

"அழுவாத சாமி. அழுதா மூக்கடைச்சுக்கும். கதவத் தொற, இதக் கொஞ்சம் மோந்து பாரு."

உள்ளே இரண்டாவது தாழ்ப்பாளும் விழுந்தது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கந்தவேல் தும்மினாரே, அப்போது உங்களுக்குள், 'அதுக்கு ஓமத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தாலே போதுமே!' என்று ஒரு குரல் கேட்டதா, இல்லையா? கேட்டிருந்தால் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்க ஆட்கள் வருகிற அன்றைக்கு, தயவுசெய்து நீங்கள் வெளியூர் போய்விடுங்கள்.