சிறகுச் சுவடிக்குப் பூட்டு

அலமாரிச் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்ட பிறகுதான் அனந்தகிருஷ்ணனுக்கு மூச்சு வந்தது. மாதுங்கா தமிழ் வாசகசாலைக்கு அவர் கௌரவக் காரியதரிசி. பஜனை மண்டலி அபயாம்பாள் மாமி காலையில் வந்து ஒரு நாவலைத் தடை செய்யச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

யாரோ புனைபெயரில் எழுதிய 'சிறகுச் சுவடி' என்ற மாயக்கதை. பறக்கும் வித்தை எழுதிய சுவடியை ஒரு ராஜா பூட்டி வைக்கிறான். ராணி அதைத் திருட்டுத்தனமாகப் படித்து, சிறகு முளைத்துப் பறந்துபோகிறாள்.

"இதைப் படிச்சா ஆத்துலே ஒருத்தி தங்கமாட்டா. நாலு பேருக்குத் தெரியறாப்பலே பூட்டுங்கோ," என்றாள் மாமி.

பூட்டினார். வினை அங்கேதான் பிடித்தது. அதுவரை அந்தப் புத்தகத்தைச் சீந்த ஆளில்லை. இப்போது வாசகசாலைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களெல்லாம் வந்து கேட்டார்கள். பதில் சொல்லி மாளாமல், 'சிறகுச் சுவடி கிடைக்காது' என்று போர்டு எழுதி வாசலில் மாட்டினார். பெயர் தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. ஸ்டேஷன் பக்கத்துப் புத்தகக் கடை ஷாகுல் ஹமீது அவரைத் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மால் எல்லாம் கலாஸ் சார், ஒரு காப்பி மிச்சமில்லை. போர்டை மட்டும் எடுத்துடாதீங்க."

அனந்தகிருஷ்ணன் போர்டைக் கழற்றினார். புத்தகத்தின் அட்டையைப் பிய்த்துவிட்டு, 'வருமான வரி விளக்கம்' அட்டையை ஒட்டி ஷெல்ஃபில் வைத்தார். அதை எடுத்துப் போன ரிடயர்டு ஆசாமி ஜகந்நாதன் திருப்பித் தர மறுத்தார். விஷயம் இவ்வளவு சுவாரஸ்யமென்று தெரியாமல் இத்தனை வருஷம் முனகிக்கொண்டே வரி கட்டிவிட்டேனே என்று பார்த்தவர்களிடமெல்லாம் மாய்ந்துபோனார்.

அனந்தகிருஷ்ணன் அவரிடம் கெஞ்சிப் பிடுங்கி, தன் வீட்டு அரிசி டின்னுக்குள் ஒளித்தார். அரிசி டின்னைத் தினம் திறப்பது யார் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தால் வீடு காலி. மொட்டை மாடியில் மனைவி விஜயலக்ஷ்மி உரக்கப் படிக்க, கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேரும் ரேடியோவைக்கூட அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாகக் காபி என்றார்.

"ராணிக்கு இப்பத்தான் இடது சிறகு முளைச்சிருக்கு. டிகாக்‌ஷன் இருக்கு, நீங்களே கலந்துக்கோங்கோ."

பால் பொங்கி ஸ்டவ்வை அணைத்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அபயாம்பாள் மாமி படியேறி வந்தாள். மாடிச் சத்தம் அவள் காதில் விழாமலா இருக்கும்? பதவி போயிற்று என்று அனந்தகிருஷ்ணன் முடிவு கட்டினார். தன்னால் ஆனதெல்லாம் செய்தும் ஊரே படித்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று கரித்துணியும் கையுமாக நின்றார்.

மாமி கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். ரெண்டாம் பாகத்தையும் இதே மாதிரி தடை பண்ணிக் குடுத்துடுங்கோ. நேத்துதான் எழுதி முடிச்சேன்."